உள்ளே இன்னும் ஒரு குண்டு

செப்டம்பர் 3, ஞாயிறு

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாகக் கிடைத்தது. தாள் வழவழவென்று நல்ல தாள். இதில் பொய் எழுதி வீணாக்க எனக்கு மனசில்லை. தவிர, எங்கள் வீட்டில் ஒருத்தராவது உண்மையை எழுதி வைப்பது நல்லது. மற்றவர்கள் பேசுவதோடு சரி.

என் பெயர் உலகம்மாள். பத்தாம் வகுப்பு. ஊர் தென்காசிப் பக்கம். வீட்டில் அப்பா, அம்மா, செண்பகம் அக்கா, அப்புறம் பெரியப்பா. அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. பெரியப்பா திருமலைக்கொழுந்துக்கு வேலை கிடையாது. துப்பாக்கி உண்டு.

அதனால்தான் எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வீடு என்று பெயர். என் பூட்டனார் வேலாண்டி, குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாவில் பெரிய பொறுப்பில் இருந்தாராம். என்ன பொறுப்பு என்று கேட்டால் பெரியப்பாவுக்கு உடனே மூக்கு சிந்த வேண்டியிருக்கும். ஒருநாள் பங்களாவுக்குள் புலி வந்ததாம். துரை மயங்கி விழுந்தாராம். பூட்டனார் துரையின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை உருவி ஒரே குண்டில் புலியைச் சாய்த்தாராம். துரை கண் விழித்ததும் துப்பாக்கியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாராம். இன்றைய நிலவரப்படி புலியின் நீளம் ஒன்பது அடி.

இதற்குப் படமும் இருக்கிறது. நடுக்கூடத்தில், போர்டு எழுதுகிற ஆளைக் கொண்டு பெரியப்பா வரைந்து வைத்தது. பூட்டனார் புலிமேல் ஒரு காலை வைத்து நிற்பார். புலி தீப்பெட்டிப் படத்தில் வரும் புலி.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுபோவார்கள். பெரியப்பா பட்டுத் துண்டு விரித்த தாம்பாளத்தில் வைத்து, கடைவீதி வழியாக நடந்தே போவார். பின்னால் அப்பா. அதற்கும் பின்னால் லைசென்ஸ் புத்தகத்தோடு நான். இன்றைக்கும் அப்படித்தான் போனோம். டீக்கடையில் எழுந்து நின்றவர்களை பெரியப்பா எண்ணிக்கொண்டே வந்தார். பஸ் வந்ததால்தான் எழுந்தார்கள்.

"ஏட்டையா, பாத்துப் பிடியும். உள்ள இன்னும் ஒரு குண்டு இருக்கு," என்றார் பெரியப்பா, ஸ்டேஷனில்.

புலியைச் சுட்டபின் மிச்சமிருந்த குண்டாம். அதனால்தான் வீட்டில் யாரும் விசையைத் தொடக் கூடாது, வாயை எட்டிப் பார்க்கவும் கூடாது. ஏட்டு, எந்த நேரமும் மடியை நனைத்துவிடக்கூடிய கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கிப்போய் மணல் வாளிக்குப் பக்கத்தில் தனியாக வைத்தார். துப்பாக்கியை வாங்கிவைப்பவர்களுக்கு அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

"விளக்கை அணைட்டீ, கண்ணு கூசுது," என்கிறாள் அக்கா. மூன்றாம் தடவை. அணைக்கிறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று பிரமாச்சியம்மாள் தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை வைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார். அவர் மகன் ஆறுமுகநயினார் கடைவீதியில் லைட் செட், மைக் செட் வாடகைக்கு விடுகிறார். கோயில் கொடை விழாவில் சீரியல் பல்பாலேயே தோகை விரித்து மடக்குகிற மயில் செய்தது அவர்தான். அவர் கடைக்கு மேல்மாடியில்தான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அக்கா லோயர், ஹையர் இரண்டும் பாஸாகி ஒரு வருஷம் ஆகிறது. வேகம் குறைந்துவிடக் கூடாது என்று இன்னும் தினமும் போகிறாள்.

"சுத்தி வளைச்சுப் பாத்தா நாம சொந்தம்தான் அண்ணாச்சி," என்றார் பிரமாச்சியம்மாள். "பிள்ளைகளுக்கும் சம்மதம் போலத்தான் தெரியுது."

பெரியப்பா படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுல கல்யாணம்னா லைட் போட உங்க மவனத்தான் கூப்பிடுவோம். அதுக்கு வாங்க. சம்பந்தக்காரியா வராதீய."

அப்பா பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு விளையாட்டில் அக்கறை கிடையாது.

பிரமாச்சியம்மாள் எழுந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். "பழம் வேணும்னா வச்சுக்கிடுங்க. தட்டு எங்க வீட்டுது," என்றார். பழத்தையும் யாரும் எடுக்கவில்லை. அடுக்களையில் அக்கா, யாரும் வாய் வைக்காத காப்பி டம்ளர்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. நானே அணைத்தேன்.

செப்டம்பர் 27, புதன்

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தது. தாம்பாளம், பட்டுத் துண்டு, எல்லாம் அதே.

அக்டோபர் 1, ஞாயிறு

அக்காவுக்கு இடம் வந்திருக்கிறது. சுரண்டையில் ரைஸ்மில் வைத்திருக்கும் சொரிமுத்துவின் மகன். தரகரிடம் பெரியப்பா புலிக் கதையைச் சொன்னார் (பதினோரு அடி). மில்லுக்காரர்கள் நகையும் கேட்கிறார்கள், ரொக்கமும் கேட்கிறார்கள். அப்பா முழித்தார். பெரியப்பா சிரித்தார்.

"எதுக்குல முழிக்க? துப்பாக்கியையே சீராக் கொடுத்திருவோம். திருவனந்தபுரத்துல ஒருத்தன் வெறும் வாளை லட்சத்துக்கு வித்திருக்கான். வாளே லட்சம்னா, புலியக் கொன்ன துப்பாக்கி என்ன பெறும்?"

மாப்பிள்ளை எப்படி என்று அம்மா மட்டும் கேட்டாள். "மில்லு எட்டு குதிரைச் சக்தி," என்றார் தரகர்.

அக்காவை டைப்ரைட்டிங்குக்கு அனுப்ப வேண்டாம் என்று பெரியப்பா உத்தரவு போட்டார். அக்கா இன்று சாப்பிடவில்லை. "வயித்து வலி," என்றாள். நடந்தபடி எழுதுகிறேன்: அது வயிற்று வலி இல்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

நாளை ஆயுத பூஜை. அரிவாள்மணை, அப்பாவின் சைக்கிள், என் காம்பஸ் பெட்டி எல்லாம் துடைத்தாயிற்று. துப்பாக்கியில் வருஷா வருஷம் பூசிய சந்தனமும் குங்குமமும் கெட்டிதட்டிக் கிடந்தன. பெரியப்பா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தார். அவர் குளியல் லேசில் முடியாது. அம்மாவுக்குக் கை ஒழியவில்லை. ஈரத் துணியை எடுத்து நானே துடைத்தேன்.

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பிடி மரம். மேலே பித்தளை. விசை இருக்கிறது, கல்லைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வாய் இருக்கிறது. குழல் என்று நாங்கள் சொல்வது சதுரமாக, குட்டையாக இருக்கிறது. முன்பக்கம் அடைத்திருக்கிறது. கடைசிக் குண்டு தெறித்துவிடாமல் பூட்டனாரே அடைத்தார் என்பது பெரியப்பா சொல்வது. ஆனால் சந்தனம் உதிர்ந்ததும் அங்கே ஒரு கீல் தெரிந்தது. அது ஒரு கதவு. திறந்தது. உள்ளே குண்டு இல்லை. நன்றாகப் பார்த்தேன். கருகிய துணித் துணுக்குகளும் கரியும்தான் இருந்தன.

பக்கவாட்டில் இருக்கிற சின்னக் குழலை, புலிக்குட்டிக்கு என்று பெரியப்பா சொல்வார். அதற்குள் குண்டூசியை விட்டுச் சுரண்டினேன். வெள்ளையாக, வழவழவென்று சுருள் சுருளாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். மெழுகு.

அடியில் இரண்டு கால்கள். மேஜைமேல் வைத்தால் அழகாக நிற்கிறது.

எல்லாவற்றையும் மூடி, புதுச் சந்தனம் பூசி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11, புதன்

விஞ்ஞான டீச்சரிடம் சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசினால் என்ன ஆகும் என்று கேட்டேன். பொறி பறக்கும் என்றார். வெறும் பஞ்சில் பிடிக்குமா என்றேன். வெறும் பஞ்சில் லேசில் பிடிக்காது, கருகின துணியிலோ கருகின திரியிலோ உடனே பிடிக்கும் என்றார். "எதுக்குக் கேக்கே?" என்றார். பாடத்தில் சந்தேகம் என்றேன். பாடத்தில் அது இல்லை.

அக்டோபர் 14, சனி

காரைக்குடியில் பழைய சாமான்கள் வாங்கி விற்கும் சாத்தப்பன் என்பவரின் விலாசத்தை யாரோ பெரியப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். துரைமார் சாமானுக்கு மதிப்புச் சொல்வதில் அவரை விட்டால் ஆள் இல்லையாம். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் கார்டு எழுதினேன். நவம்பர் ஐந்து ஞாயிற்றுக்கிழமை மில்லுக்காரர்கள் வருகிறார்கள். அதற்கு முந்தின நாள் சாத்தப்பன் வந்து மதிப்பு எழுதிக் கொடுத்துவிட்டால், மறுநாள் சம்பந்தக்காரர் முன்னால் எடுத்து நீட்டிவிடலாம் என்பது திட்டம்.

"சனிக்கிழமைன்னு தெளிவா எழுதுட்டீ," என்றார்.

தெளிவாக எழுதினேன். என் கையெழுத்துக்கு மாவட்ட அளவில் பரிசு உண்டு. வாசித்துப் பார்க்கப் பெரியப்பா கண்ணாடியைத் தேடினார். அது பீரோமேல் இருந்தது. என்னிடம் கேட்கவில்லை. கண்ணாடி இல்லாமலே கையெழுத்துப் போட்டார். நானே தபால் பெட்டியில் போட்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

எங்கள் தெருவில் கூட்டமும் இல்லை, கொடையும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற கம்பத்தில்தான் நயினாருக்கு எப்போதும் ஏதாவது கோளாறு. இன்றும் ஏணி வைத்து ஏறி நின்றார். அக்கா மாடியில் காய்ந்த துணியை எடுத்து, உதறி, மறுபடி காயப்போட்டாள்.

பெரியப்பா வாசலுக்கு வந்து, "ஏவே, கரண்டு கம்பத்துல என்ன குரங்கு மாதிரி?" என்று கத்தினார்.

"வயரு லூசா இருக்கு அண்ணாச்சி. பொறி பறக்கும். உங்க துப்பாக்கி மேல விழுந்துட்டா குண்டு வெடிச்சிருமேன்னுதான்," என்றார் அவர், ஏணியிலிருந்தே. தெருவே சிரித்தது. பெரியப்பா அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 4, சனி

காலையிலிருந்து பெரியப்பா சில்க் ஜிப்பாவில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சாத்தப்பன் வரவில்லை. சாயங்காலம் காரைக்குடி முழுவதையும் திட்டினார்.

நவம்பர் 5, ஞாயிறு

இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டியிருக்கும்.

சொரிமுத்துவும் அவர் சம்சாரமும் பத்து மணிக்குக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. மில்லைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அந்த அம்மாள் உட்காருவதற்கு முன் எங்கள் நாற்காலியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அக்காவை அதே மாதிரி பார்த்தார்.

"நிறம் கொஞ்சம் கம்மிதான். சரி, துப்பாக்கி வீடுங்காவ."

பெரியப்பா ஆரம்பித்தார். துரை, பங்களா, மயக்கம். புலி பன்னிரண்டரை அடியை எட்டியபோது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை, வாயில் வெற்றிலை.

"திருமலைக்கொழுந்து ஐயா வீடு இதுதானே? காரைக்குடி சாத்தப்பன். ஞாயித்துக்கிழமை வரச்சொல்லி எழுதியிருந்தீங்க."

"சனிக்கிழமைன்னுல்லா எழுதச் சொன்னேன்?" பெரியப்பா என் பக்கம் திரும்பினார். நான் லட்டுத் தட்டை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா சமாளித்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு! சம்பந்தக்காரவுக முன்னாலயே மதிப்பைச் சொல்லும். ஒளிவு மறைவு எங்க வம்சத்துல கிடையாது."

தாம்பாளம் வந்தது. சாத்தப்பன் பட்டுத் துண்டை விலக்கிப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார். என் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார்.

"இதாலயா புலியச் சுட்டாங்க?"

"ஒரே குண்டு."

"எத்தனை அடின்னீங்க?"

"பன்னெண்டரை."

"அப்ப இருட்டுல வந்த புலியாத்தான் இருக்கும்." கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். "பாப்பா, பூஜை விளக்குல கருகின திரி இருந்தா ஒண்ணு எடுத்துட்டு வா. ஒரு மெழுகுத்திரியும் வேணும்."

இரண்டும் அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. கொடுத்தேன்.

அவர் திரியை உள்ளே வைத்து, கல்லைத் தட்டிச் சரிசெய்து, விசையில் விரலைப் போட்டார்.

"யோவ்! உள்ள இன்னும் ஒரு குண்டு இருக்குவே!" பெரியப்பா தரையோடு தரையாகக் கவிழ்ந்தார். அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். சொரிமுத்து தன் சம்சாரத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். அவசரத்தில் எடுத்த முடிவு என்றாலும் இடம் நல்ல இடம்.

டிக்.

அவ்வளவுதான். ஒரு பொறி, கொஞ்சம் புகை. சாத்தப்பன் குனிந்து மெதுவாக ஊதினார். திரி சிவந்தது. ஒரு காகிதத் துண்டை அதில் காட்டி இன்னும் கொஞ்சம் ஊதினார். தீ பிடித்தது. அதில் மெழுகுத்திரியைப் பொருத்தி, புலிக்குட்டிக் குழலில் செருகினார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. இரண்டு காலில் அதை நிற்க வைத்தார். பட்டப்பகலில் நடுக்கூடத்தில் மெழுகுத்திரி எரிந்தது.

"துப்பாக்கி இல்லீங்க ஐயா. தீப்பெட்டி வர்றதுக்கு முந்தி துரைமார் வீட்டுல விளக்குப் பொருத்துறதுக்கு வச்சிருந்த சாமான். பாக்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். சாயங்காலமானா விளக்குக்காரன் இதைக் கையில எடுத்துக்கிட்டு ரூம் ரூமாப் போவான்."

எல்லோரும் படத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். பூட்டனார் புலிமேல் கால் வைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் பொறுப்பு என்ன என்பது எனக்கு இன்று தெரிந்தது.

சொரிமுத்து முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து வேட்டியைச் சரிசெய்தார். அந்த அம்மாள் எழுந்தார். "விளக்குப் பொருத்துறவுக வீட்டுலயா வந்து உக்காந்தோம்? வாங்க போவோம்." போகிற போக்கில் இரண்டு லட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். லட்டுக்கு வம்சம் பார்க்கவில்லை.

கார் போன பிறகுதான் பெரியப்பா எழுந்தார். ஜிப்பாவில் தூசி.

"இதுக்கு மதிப்பு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டது அப்பா.

"யாருங்க சொன்னது? துப்பாக்கியா இருந்தா இந்த நிலைமையில ஐநூறு பெறாது. நாட்டுத் துப்பாக்கி எத்தனையோ கிடைக்கும். இது அபூர்வம். கல்லு, கீலு, காலு, எதுவும் போகல. பதினெட்டாயிரம் இப்பவே தர்றேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"நீரு ஒண்ணு செய்யும். ஐநூறு ரூவாத் துப்பாக்கின்னே எழுதிக் குடும்."

"ஐயா?"

"துப்பாக்கின்னு எழுதணும். ஐநூறு போதும்."

சாத்தப்பன் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருப்பார். இப்படி ஒரு பேரத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். மெழுகுத்திரியை ஊதி அணைத்தார். "எழுத முடியாதுங்க. மனசு மாறினா ஒரு கார்டு போடுங்க," என்றார். என்னைப் பார்த்து, "கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு பாப்பா," என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ராத்திரி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இப்போது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்கிறாள்: "ஏட்டி உலகு, அந்தக் கார்டுல நீ என்ன கிழமை எழுதின?"

விளக்கை அணைத்துவிட்டேன்.

நவம்பர் 8, புதன்

பள்ளிக்கூடத்தில் என்னை லைட்டர் வீடு என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கணக்கில் பெயில்.

நவம்பர் 12, ஞாயிறு

ஏட்டு மப்டியில், கொல்லைப்புறமாக வந்தார்.

"அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு. வெளிய ரொம்பப் பேச வேண்டாம். லைட்டரை மணல் வாளி வச்சுக் காவல் காத்தோம்னு மேல தெரிஞ்சா எங்களுக்குத்தான் கேவலம். தொலைஞ்சுபோச்சுன்னும் எழுதிக் குடுத்திராதீய, தேட வேண்டியிருக்கும்."

பெரியப்பா ஒரு மாதமாவது அவமானத்தில் படுத்துக் கிடப்பார் என்று நினைத்தேன். ஏட்டைக் கண்டதும் உற்சாகமாகிவிட்டார். "அப்ப அது துப்பாக்கின்னு சர்க்காரே இன்னும் சொல்லுதுல்லா?" என்று கேட்டார்.

டிசம்பர் 12, செவ்வாய்

கார்த்திகை தீபம். வாசலில் விளக்கு வைக்கக் கூடாது, போகிற வருகிறவன் சிரிப்பான் என்றார் பெரியப்பா. அம்மா அகலில் எண்ணெய் ஊற்றினாள். அப்பா உள்ளே போய் அந்தச் சாமானை எடுத்துவந்து, கருகின திரி வைத்து விசையைத் தட்டினார். நான்காவது தட்டில் பிடித்தது. முதல் அகலை அதிலேயே பொருத்தினார். நாற்பத்தெட்டு வயதில் இன்றைக்குத்தான் அதைத் தொடுகிறார்.

"என்னல பண்ணுத?" என்றார் பெரியப்பா.

"இதுல எனக்கும் பாதி இருக்கு. விக்கப் போறேன். நகை அதுல ஆயிரும்." அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை நயினார் வீட்டுக்குப் போறோம். நீங்கதான் மூத்தவுக. நீங்களும் வாரிய."

அக்கா கையிலிருந்த அகல் சாய்ந்து பாவாடையெல்லாம் எண்ணெய். அம்மா திட்டவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

இந்த முறை எங்கள் தாம்பாளம். பழம், பூ, வெற்றிலை. தூக்கிக்கொண்டு வந்தவர் பெரியப்பா. தாம்பாளம் தூக்கி நடக்க அவருக்குப் பழக்கம் இருந்தது.

பிரமாச்சியம்மாள் வாசலிலேயே நின்றார். "லைட் போடச் சொல்லவா வந்திய?"

அப்பா வாயைத் திறந்தார். பெரியப்பா முந்திக்கொண்டார். அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"உங்க மவன் லைட் போட வரவேண்டாம். மாப்பிள்ளையா வந்தாப் போதும்."

"அப்ப லைட்டு யாரு போடுவா? நீங்களா?" ஒரு மூச்சு விட்டு, "உங்க வீட்டுல பழக்கம் உண்டுல்லா," என்றார்.

நயினார், "எம்மா!" என்றார். பெரியப்பாவின் தலை குனிந்தது. நான் இவ்வளவு நாளாகப் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். பார்த்தேன். நினைத்த அளவுக்கு நன்றாக இல்லை.

பிரமாச்சியம்மாளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "வெயில்ல நிக்காதீங்க அண்ணாச்சி, உள்ள வாங்க," என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். காப்பியில் சர்க்கரை கூடுதல். எல்லோரும் குடித்தோம்.

ஜனவரி 10, புதன்

சாத்தப்பன் வந்து பதினெட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, சாமானைப் பஞ்சில் பொதிந்து எடுத்துப் போனார். பெரியப்பா பட்டுத் துண்டைக் கொடுக்கவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

அக்கா கல்யாணம் முடிந்தது. கடையில் வேலை பார்க்கும் பையன்கள் தெருக் கோடியிலிருந்து பந்தல் வரை சீரியல் செட் போட்டிருந்தார்கள். மயிலும் இருந்தது. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்துகொண்டே, தோகையில் ஒரு வரிசை எரியவில்லை என்று ஜாடை காட்டினார். அக்கா சிரித்ததை போட்டோக்காரர் எடுத்துவிட்டார்.

பந்தியில் பெரியப்பா, மாப்பிள்ளை வீட்டு உறவினர் நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பட்டுத் துண்டு தோளில். புலி இப்போது இரண்டாகிவிட்டது, ஆணும் பெண்ணும். துப்பாக்கியைச் சர்க்கார் கேட்டு வாங்கி மெட்ராஸ் மியூசியத்தில் வைத்திருக்கிறதாம். பக்கத்தில் பூட்டனார் படமும் உண்டாம். துப்பாக்கி வீட்டில் இருந்தவரை கதைக்கு ஒரு கட்டாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், கேட்டுக்கொண்டே மோர் ஊற்றிய என் பக்கம் திரும்பினார். "ஏ பாப்பா, நெசமா? மியூசியத்துலயா இருக்கு?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். கை துண்டின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. தாம்பாளத்தில் விரிக்கிற நுனி.

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

"ஆமா தாத்தா," என்றேன். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. நான் பாத்தேன். யாரும் தொடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு. உள்ள இன்னும் ஒரு குண்டு இருக்குல்லா."

பெரியவர் வாயைப் பிளந்தார். பெரியப்பா இலையைப் பார்த்துக் குனிந்து, மோர்ச் சோற்றை வேகமாகச் சாப்பிட்டார்.

வெளியே சீரியல் செட்டை வரிசை வரிசையாக அணைத்துவிட்டார்கள். மயில்தான் கடைசி. அக்கா கட்டிலில் யாரும் இல்லை. இனிமேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம், கண் கூசுது என்று சொல்ல ஆள் கிடையாது. புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்தேன். மறுபடி அதே பக்கத்தைப் படித்தேன்.

விளக்கை அணைத்துவிட்டேன்.